நாடகம் பார்க்க வந்தவர்களைப் பார்க்க வந்தவன்

முதல் தடவை கல்கத்தாவுக்கு டிரான்ஸ்ஃபர் ஆகி வந்தது 2009-ல். அப்போது எனக்குத் தெரிந்த வங்காளி வார்த்தைகள் மொத்தம் நாலோ ஐந்தோ. "கொத்தோ" (எவ்வளவு), "ஆஸ்தே" (மெதுவாக, பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கத்த வேண்டியது), "போஷுன்" (உட்காருங்கள், கவுண்டருக்குக் கோபமாக வரும் பென்ஷன்காரரிடம் சொல்ல வேண்டியது). இந்த லட்சணத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பிராஞ்ச் ஹெட் கேஷியர் என்னை நாடகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அவரை எல்லோரும் தாதா என்றுதான் கூப்பிடுவோம். பயப்படாதீர்கள், இந்த ஊரில் தாதா என்றால் அண்ணன் :-)

கதீட்ரல் ரோட்டில் இருக்கிற அகாடமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ். டிசம்பர் மாதம். வெளியே மண் குவளையில் டீ. நாம் ஸ்வெட்டர்கூடத் தேவையில்லை என்று நினைக்கிற குளிருக்கு இவர்கள் குரங்குக் குல்லா, மஃப்ளர், சால்வை என்று இமயமலை ஏறுகிற மாதிரி வந்திருந்தார்கள். முதல் மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை. இரண்டாவது மணிக்கு டீக் குவளைகள் தொட்டிக்குள் விழுந்து உடைகிற சத்தம். மூன்றாவது மணிக்கு ஹால் நிறைந்து, விளக்கு அணைந்து, ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

எனக்கு வசனம் ஒன்றும் புரியவில்லை. பொழுது போக வேண்டுமே? பக்கத்தில் திரும்பினேன். ஒரு பெரியவர் நடிகர் பேசுவதற்கு அரை செகண்ட் முன்னால் அதே வசனத்தை வாயசைத்துக்கொண்டிருந்தார். முன் வரிசையில் ஓர் அம்மாள் மிட்டாய்க் காகிதத்தைப் பிரிக்க, நாலு பக்கத்திலிருந்தும் "உஷ்". ஒரு கல்லூரிப் பெண் இருட்டிலேயே நோட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசிக் காட்சியில், டிமாண்ட் டிராஃப்ட் கமிஷனில் இரண்டு ரூபாய்க்குச் சண்டை போடுகிற டைப் என்று பார்த்தாலே சொல்லக்கூடிய ஒரு மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கண்ணாடியை மட்டும் இல்லை.

வெளியே வந்ததும் தாதா கேட்டார், "நாடகம் எப்படி?"

"ரொம்ப நன்றாக இருந்தது."

"பொய். நீ மேடையைப் பார்த்ததைவிட எங்களைத்தான் அதிகம் பார்த்தாய்." அசடு வழிந்தேன். அவர் சொன்னார்: "தப்பில்லை. இந்த ஊர் நாடக சரித்திரத்தில் பாதி அங்கே நடந்ததுதான்." கையைக் காட்டியது மேடைப் பக்கம் இல்லை, காலியாகிக்கொண்டிருந்த நாற்காலிகள் பக்கம்.

அந்த ஒரு வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. பி.காம் படித்தவனுக்கு சரித்திரத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் பார்க்கிறவன் ஒரு நிறுவனத்தைப் புரிந்துகொள்ள முதலில் கேட்கிற கேள்வி, "பணம் யார் கொடுக்கிறார்கள்?" நாடகத்துக்கும் அதே கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். யார் டிக்கெட் வாங்கினார்கள், யார் எங்கே உட்கார்ந்தார்கள், யாரை உட்கார விடவில்லை?

கணக்கு ஒரு ரஷ்யரிடம் ஆரம்பிக்கிறது. கெராசிம் லெபெதெவ் என்று ஒரு வயலின்காரர். 1785-ல் முதலில் வந்து இறங்கியது நம்ம மெட்ராஸில்தான்; இரண்டு வருஷம் அங்கே இருந்து, அன்றைய வெள்ளைக்காரர்கள் "மலபார் பாஷை" என்று சொன்ன நம் தமிழையும் கொஞ்சம் கற்றுக்கொண்டு, பிறகு கல்கத்தா வந்தார். 1795 நவம்பர் 27-ந் தேதி, ஓர் ஆங்கில நாடகத்தை வங்காளியில் பெயர்த்து, வங்காளி ஆண்களையும் பெண்களையும் நடிக்க வைத்து மேடை ஏற்றினார். டிக்கெட் பாக்ஸுக்கும் கீழ்த்தளத்துக்கும் 8 ரூபாய், கேலரிக்கு 4 ரூபாய். 1795-ல் எட்டு ரூபாய்! அன்றைய கூலிக்காரன் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தாலும் உள்ளே போயிருப்பானா என்பது சந்தேகம். பாஷை ஊர்க்காரனுடையது, நாற்காலி அவனுடையது இல்லை. இரண்டே ஆட்டம், அதோடு அந்தக் கதை முடிந்தது.

அப்புறம் முக்கால் நூற்றாண்டுக்கு நாடகம் என்றால் ஜமீன்தார் வீட்டு விசேஷம். பாபுக்கள் தங்கள் பங்களாவில் மேடை போட்டு, அழைப்பிதழ் அனுப்பி, வேண்டியவர்களை மட்டும் கூப்பிட்டார்கள். நம்மூர்க் கல்யாண ரிசப்ஷன் மாதிரி. ஆனால் அங்கேயும் முன் வரிசையில் உட்கார்ந்தவர்கள் சரித்திரத்தைத் திருப்பியிருக்கிறார்கள். 1858-ல் பெல்காச்சியா பங்களாவில் பைக்பாரா ராஜாக்கள் "ரத்னாவளி" நாடகம் போட்டார்கள். ஆங்கிலேய விருந்தாளிகளுக்கு வங்காளி புரியாதே! அவர்களுக்காக நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்க்க ஓர் ஆளைப் பிடித்தார்கள். மைக்கேல் மதுசூதன் தத். அவரும் மெட்ராஸில் எட்டு வருஷம் வாத்தியாராகவும் பத்திரிகைக்காரராகவும் காலம் தள்ளிவிட்டு 1856-ல் ஊர் திரும்பியவர்தான். பெயர்த்துக்கொண்டிருக்கும்போதே, "இதற்குப் போய் இவ்வளவு செலவா, நானே எழுதுகிறேன்" என்று கிளம்பி, 1859-ல் "சர்மிஷ்டா" எழுதினார். வங்காளி நாடக இலக்கியத்தில் ஒரு புது வழி திறந்தது. பாஷை புரியாத பார்வையாளர்களால் விளைந்த நன்மை என்று இதைச் சொல்லலாம். என்னைப் போன்றவர்களுக்கு ஓர் ஆறுதல் :-)

உண்மையான திருப்பம் 1872 டிசம்பர் 7. ஜோராசாங்கோவில் ஒரு வீட்டு முற்றத்தை வாடகைக்கு எடுத்து, நடுத்தரக் குடும்பத்து இளைஞர்கள் சிலர் "நேஷனல் தியேட்டர்" என்று பெயர் வைத்தார்கள். டிக்கெட் ஒரு ரூபாய், எட்டணா. அழைப்பிதழ் கிடையாது. காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் வரலாம். "இவ்வளவு சின்ன வசதியை வைத்துக்கொண்டு நேஷனல் என்று பெயர் வைத்து டிக்கெட் விற்பதா?" என்று கோபித்துக்கொண்டு விலகி நின்றவர், பின்னாளில் வங்காள நாடகத்தின் பீஷ்மர் ஆன கிரிஷ் சந்திர கோஷ்.

நாடகம் "நீல் தர்ப்பண்". அவுரித் தோட்டத் துரைகள் விவசாயிகளைப் படுத்திய பாட்டை 1860-ல் தீனபந்து மித்ரா எழுதியது. (அவர் தபால் இலாகா உத்தியோகஸ்தர். உத்தியோகத்தில் இருந்துகொண்டே எழுதுகிறவர்களுக்கு நல்ல முன்னோடி.) அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக 1861-ல் பாதிரியார் ஜேம்ஸ் லாங்குக்கு ஒரு மாதம் ஜெயில், 1000 ரூபாய் அபராதம். புத்தகமாக இருந்தபோதே இந்தக் கதி. அதை எட்டணாக் கூட்டத்துக்கு முன்னால் நடித்தால்?

நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வித்யாசாகர், கொடுமைக்காரத் துரையாக நடித்த அர்த்தேந்து சேகர் முஸ்தஃபி மேல் செருப்பைக் கழற்றி வீசினார் என்றும், முஸ்தஃபி அதைத் தலையில் வைத்துக்கொண்டு, "இதைவிடப் பெரிய பரிசு எனக்கு இல்லை" என்றார் என்றும் கல்கத்தாவில் தலைமுறை தலைமுறையாக ஒரு கதை சொல்கிறார்கள். அது கதையாகவே இருக்கட்டும். லக்னோவில் நடந்ததற்குச் சாட்சி இருக்கிறது. 1875-ல் கிரேட் நேஷனல் கம்பெனி அங்கே இதே நாடகத்தைப் போட்டது. ஒரு குடியானவன் துரையைப் பிடித்து உதைக்கிற காட்சி. கூட்டத்திலிருந்த வெள்ளைக்காரர்கள் எழுந்து, கத்தியை உருவிக்கொண்டு மேடையில் ஏறிவிட்டார்கள். திரையை இறக்கி, மூட்டை கட்டி, கம்பெனி ஊரைவிட்டுக் கிளம்பியது. அன்று அந்தக் கம்பெனியில் இருந்த சின்னப் பெண் வினோதினி, பல வருஷம் கழித்துத் தன் சுயசரிதையில் இதை எழுதினார். அவரிடம் பிறகு வருவோம்.

அடுத்து வந்தது வேடிக்கை. 1875 கடைசியில் வேல்ஸ் இளவரசர் கல்கத்தா வந்தார். ஜகதானந்த முகர்ஜி என்ற வக்கீல் அவரைத் தன் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்துப்போய் பெண்களை வைத்து வரவேற்பு கொடுத்தார். ஊரே கொதித்தது. கிரேட் நேஷனல்காரர்கள் உடனே "கஜதானந்தனும் யுவராஜாவும்" என்று ஒரு கேலி நாடகம் போட்டார்கள். போலீஸ் தடுத்தது. பெயரை மாற்றிப் போட்டார்கள். மறுபடி தடுத்தது. போலீஸ் கமிஷனர் பெயர் ஹாக், சூப்பரின்டெண்ட் பெயர் லாம்ப். விடுவார்களா? பன்றியும் ஆட்டுக்குட்டியுமாகச் சேர்ந்த போலீஸ் என்று அடுத்த கேலி நாடகம்! 1876 பிப்ரவரி 29-ல் வைஸ்ராய் நார்த்புரூக் அவசரச் சட்டம் போட்டார். அந்த வருஷக் கடைசியில் அதுவே நாடக நிகழ்ச்சிச் சட்டம் ஆனது. 1876-ஆம் வருஷத்து 19-ஆம் எண் சட்டம்.

சர்க்குலர் படித்தே வயிறு வளர்க்கிறவன் என்பதால் அந்தச் சட்டத்தை ஒருநாள் உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். சின்னச் சட்டம்தான். ஆறாவது பிரிவில் தூக்கிவாரிப் போட்டது. தடை செய்த நாடகத்தில் நடித்தால் தண்டனை, சரி. நடத்த உதவினால் தண்டனை, சரி. இடம் கொடுத்தால் தண்டனை, அதுவும் சரி. நடுவில் இன்னொன்று: தடை என்று தெரிந்தும் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தால், முழு நாடகமோ பாதி நாடகமோ, மூன்று மாதம் வரை ஜெயில். எட்டாவது பிரிவில், நடக்கிற இடத்துக்குள் போலீஸ் நுழைந்து அங்கே இருக்கிற எல்லோரையும் பிடித்துக்கொண்டு போகலாம்.

யோசித்துப் பாருங்கள். சும்மா உட்கார்ந்து பார்த்தவனுக்கு மூன்று மாதம்! அரசாங்கத்துக்குப் பயம் மேடையில் முகத்தில் சாயம் பூசிய நாலு பேரைப் பார்த்து இல்லை. இருட்டில் ஒரே நேரத்தில் சிரிக்கிற நானூறு பேரைப் பார்த்து. தனியாகப் புத்தகம் படிக்கிறவனுக்குத் தன் கோபம் மட்டும்தான் தெரியும். நாடகத்தில் பக்கத்து நாற்காலிக்காரனுக்கும் அதே கோபம் இருப்பது தெரிந்துவிடும். ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

வெள்ளைக்காரன் போன பிறகும் இந்தச் சட்டம் போகவில்லை. 2018-ல்தான் பழைய சட்டங்களைக் கழித்துக் கட்டியபோது இதுவும் போனது. சிரிக்காதீர்கள், நம்மூரிலும் 1954-ல் தனியாக ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்தார்கள். எம்.ஆர். ராதாவை மனதில் வைத்துத்தான் என்பது நாடகக்காரர்கள் எல்லோரும் சொல்கிற சங்கதி. நாடகப் பிரதியைப் போலீஸிடம் காட்ட வேண்டிய அந்தச் சட்டத்தை எதிர்த்து ஞாநி வழக்குப் போட்டார். 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது.

இனி வினோதினி. 1873-ல் பெங்கால் தியேட்டர்காரர்கள் முதன்முறையாக நடிகைகளை வேலைக்கு எடுத்தார்கள். எல்லோரும் "அந்தத் தெரு" பெண்கள். வேறு யாரும் வரமாட்டார்கள். வித்யாசாகருக்கு இது பிடிக்காமல் ஒதுங்கிக்கொண்டார். அடுத்த வருஷம் பதினோரு வயதில் நடிக்க வந்தவர் வினோதினி. 1883-ல் கிரிஷ் கோஷுக்கும் கூட்டாளிகளுக்கும் சொந்தமாக ஒரு தியேட்டர் வேண்டும். குர்முக் ராய் என்ற பணக்கார இளைஞர் பணம் போட்டார். அதற்கு அவர் கேட்ட விலை வினோதினி. அவர் சம்மதித்தார். தியேட்டருக்குத் தன் பெயரை வைப்பதாகச் சொன்னார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். பதிவு செய்துவிட்டு வந்தபோது பெயர் "ஸ்டார்". காரணம்? அப்படிப்பட்டவள் பெயர் வைத்த தியேட்டருக்கு மரியாதைப்பட்டவர்கள் வரமாட்டார்கள் என்ற பயம். பார்வையாளர்கள் வாயே திறக்கவில்லை. அவர்கள் என்ன நினைப்பார்களோ என்பதே ஒரு பெண்ணின் பெயரை அழித்துவிட்டது.

அடுத்த வருஷம், 1884 செப்டம்பர் 21-ந் தேதி, அதே ஸ்டாரில் "சைதன்ய லீலா". சைதன்யராக வினோதினி. மாடியில் பாக்ஸில் ஒரு பார்வையாளர் வந்து உட்கார்ந்தார். தட்சிணேஸ்வரத்து ராமகிருஷ்ண பரமஹம்சர். நாடகம் பார்த்துப் பரவசமானார், வினோதினியை ஆசீர்வதித்தார். அவர் நிமித்தம், நாடகக் கொட்டகை என்றாலே முகம் சுளித்த ஊர் கொஞ்சம் முகத்தைத் திருப்பிப் பார்த்தது. நடிகைகளால் செய்ய முடியாததை ஒரே ஓர் ஆள் நாற்காலியில் உட்கார்ந்து செய்தார்.

இருபத்துநாலு வயதுக்குள் வினோதினி மேடையை விட்டார். 1941-ல் இறந்தார். வயதான காலத்தில் அவர் தியேட்டருக்கு வந்து, உட்கார்ந்து நாடகம் பார்த்துவிட்டுப் போவார் என்று பிற்கால நடிகர்கள் எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரிந்திருக்கும்? பழைய கட்டடம் இப்போது இல்லை. 1888-ல் ஹாத்திபாகானில் கட்டிய ஸ்டார், 1991-ல் தீப்பிடித்து, 2004-ல் மறுபடி திறந்தது. 2024 டிசம்பர் கடைசியில், அதற்கு வினோதினி பெயர் வைக்கப்படும் என்று முதல்வர் மம்தா பானர்ஜி அறிவித்தார். வட்டி கணக்கில் சேரவில்லை, அசல் 141 வருஷம் கழித்துத் திரும்பி வந்தது.

குடும்பப் பெண்கள் அந்த நாளில் எங்கே உட்கார்ந்தார்கள்? மாடியில், மூங்கில் தட்டிக்குப் பின்னால். அவர்கள் மேடையைப் பார்க்கலாம், அவர்களை யாரும் பார்க்கக்கூடாது. நாடகம் முடிந்ததும் தியேட்டர் வேலைக்காரிகள் நின்றுகொண்டு, "இன்ன தெரு இன்ன பாபு வீட்டுக்காரர்கள் இறங்கி வாருங்கள்" என்று கத்துவார்களாம். பெயர் சொல்லிக் கூப்பிடுவது இல்லை, வீட்டைச் சொல்லித்தான்.

1944 அக்டோபரில் "நபான்னா". விஜன் பட்டாச்சார்யா எழுதி, சம்பு மித்ராவுடன் சேர்ந்து இயக்கியது. நடந்த தியேட்டரின் பெயர் ஸ்ரீரங்கம்! (நம்ம ரங்கநாதருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அரங்கம்தான், பெயர் அப்படி.) 1943 பஞ்சத்தைப் பற்றிய நாடகம். அந்த வருஷம் கிராமத்து ஜனங்கள் கல்கத்தாத் தெருக்களில் வீடு வீடாக நின்று கேட்டது சோறுகூட இல்லை, வடித்த கஞ்சி. அந்தக் குரலை ஜன்னல் வழியாகக் கேட்டவர்கள்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் அதே குரல். கதவைச் சாத்திக்கொண்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள் இல்லையா? அன்று இருட்டில் யார் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

1965-ல் உத்பல் தத் மினர்வாவில் "கல்லோல்" போட்டார், 1946 கடற்படைக் கலகம் பற்றி. பத்திரிகைகள் விளம்பரம் வாங்க மறுத்தன, தத்தை விசாரணையில்லாமல் உள்ளே வைத்தார்கள். நாடகம் நிற்கவில்லை. காரணம் ரொம்ப எளிமை. ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். இப்போது இரண்டாவது தடவையாக இங்கே போஸ்டிங். போன குளிர்காலத்தில் அம்மா வந்திருந்தாள். எழுபத்திரண்டு வயது. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தைத் தாண்டி அதிகம் போனதில்லை. ரிட்டையர் ஆகிவிட்ட தாதா மூன்று டிக்கெட் வாங்கிவிட்டு, "மாசிமாவை அழைத்து வா" என்றார். பாஷை தெரியாத அம்மாவை எப்படி என்று தயங்கினேன். "நீ வந்தபோது தெரிந்ததா?" என்றார்.

அகாடமி. நாலாவது வரிசை, நட்ட நடு. அம்மா உட்கார்ந்ததும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது.

"ஏன்டா தம்பி, ஆம்பள பொம்பள எல்லாம் ஒண்ணாவா உக்காந்திருக்கு?"

"ஆமாம்மா."

"நம்ம ஊர் திருவிழால கயிறு கட்டிடுவாங்க. நாங்க ஓரமா, கொட்டகை பக்கவாட்டுல. வருஷா வருஷம் வள்ளி திருமணம். எங்க பக்கத்துலேர்ந்து பாத்தா முருகனோட முதுகுதான் தெரியும். பாட்டு கேக்கும். முகம் தெரியாது."

நான் சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அதே வள்ளி திருமணத்தை நேர் எதிரே இருந்து பார்த்தவன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் என்ன தெரிந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மூங்கில் தட்டி பற்றிப் புத்தகம் புத்தகமாகப் படித்திருக்கிறேன்.

மூன்றாவது மணி அடித்தது. இரண்டு மணி நேரம். அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. நான் அன்றும் மேடையைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

வெளியே வந்ததும் தாதா மண் குவளையில் டீ வாங்கிக் கொடுத்தார். "மாசிமாவுக்கு நாடகம் எப்படி இருந்ததாம்?" என்று கேட்கச் சொன்னார்.

அம்மா டீயை ஊதிக்கொண்டே சொன்னாள், "முகம் நல்லா தெரிஞ்சுதுடா."